மூன்று தரம் கேட்ட கேள்வி

'ஃபூ... ஃபூ...' என்று யாரோ ஊதும் சத்தம்தான் முதலில் கேட்டது. பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது. குழந்தைகள் நலக் குழுவின் தலைவி வேதவல்லி, பிள்ளைகள் படம் வரையும் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஏழு வயது முத்துஹரிணி. வலது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. கட்டின் மேலேயே ஊதிக்கொண்டிருந்தாள், காற்று எப்படியாவது உள்ளே இருக்கும் தீப்புண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுபோல.

அப்பா மஸ்கட்டில். வீட்டில் அம்மாவும் சித்தப்பாவும்தான். சூடு வைத்தது யார் என்று அன்று காலையிலிருந்து மூன்று பேர் அந்தப் பிள்ளையிடம் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். மூவருக்கும் மூன்று பதில் கிடைத்திருந்தது. இப்போது சாயங்காலம். மூவரும் வேதவல்லியின் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அந்தப் பொம்பளைய ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கேன்" என்றார் சார்பு ஆய்வாளர் மாசானமுத்து. "அம்மாதான் சூடு வச்சான்னு புள்ளையே எங்கிட்டச் சொல்லிட்டு. நீங்க கையெழுத்துப் போட்டா புள்ளைய சித்தப்பன் கூட்டிட்டுப் போயிருவான்."

சித்தப்பன் வெளியே பெஞ்சில் இருந்தான். மடியில் ஒரு கட்டைப்பை, அதில் பிள்ளையின் மாற்றுத்துணி.

"எங்கிட்ட சித்தப்பான்னு சொன்னா" என்றார் அரசு மருத்துவமனை டாக்டர் நூர்ஜஹான்.

"மருந்து போடுறதோட நிறுத்திக்கிடுங்க டாக்டரம்மா. விசாரணை எங்க வேலை."

"புண்ணுல அப்பியிருந்த பல்லு விளக்குற பேஸ்ட்டை நான் கழுவிக்கிட்டு இருக்கும்போது கேட்டேன் சார். அந்த வலியில பொய் வராது."

"அந்த வலியில எந்தப் பேரு வேணா வரும். நாங்க பாக்காததா? நான் நிதானமாக் கேட்டேன். பன் வாங்கிக் குடுத்தேன். கட்டுப் போட்ட கையில பிடிக்க முடியாம இடது கையால பிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தா. அப்பக் கேட்டேன்."

"பன்னைக் காட்டி வாயப் புடுங்குறதுக்குப் பேரு விசாரணையா?"

பிள்ளைகளுக்கு மன ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநர் சிந்துஜா சிரித்துவிட்டாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. "யூனிஃபார்மைப் பாத்தாப் பயம் சார். கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுவாங்க. நான் தரையில உக்காந்து பேசினேன். மிச்சமிருந்த பன்னுல பாதி எனக்குக் குடுத்தா, அவ்வளவு நம்பிக்கை. 'நானேதான் தோசைக்கல்லுல கைய வச்சுக்கிட்டேன்'னு சொன்னா. இது விபத்து. புள்ளைய வீட்டுக்கு அனுப்பிரலாம்."

"பாதி பன்னுக்கு நம்பிட்டாங்க, படிச்சவங்க" என்றார் மாசானமுத்து, சுவரைப் பார்த்து.

வேதவல்லிக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மாசானமுத்துவை நம்பினாலும் சிந்துஜாவை நம்பினாலும் பிள்ளை இன்று இரவு அந்தக் கட்டைப்பைக்காரன் இருக்கும் வீட்டுக்குத்தான் போவாள். டாக்டரின் பதில் ஒன்றுதான் அவனைத் தடுக்கும். ஆனால் அது மெய்யா?

பிள்ளையின் வகுப்பாசிரியை எஸ்தரை உள்ளே கூப்பிட்டார். காலையில் புண்ணை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"நீங்க என்ன கேட்டீங்க டீச்சர்?"

"ஒண்ணும் கேக்கல. கையைப் பாத்தேன், உடனே பத்து ஒம்போது எட்டு, புள்ளைங்க உதவி நம்பருக்குப் போன் போட்டேன்."

"தினம் வகுப்புல பாக்குற புள்ள" என்றார் மாசானமுத்து. "ஒரு வார்த்தை கேக்கத் தோணல. நல்ல டீச்சர்."

எஸ்தருக்குச் சுருக்கென்றது. "எனக்குக் கேக்கத் தெரியும் சார். என் வகுப்புல சரியாச் சொன்னா 'உக்காரு'ன்னு ஒரே வார்த்தை. மறுபடி அதையே கேட்டா தப்புன்னு அர்த்தம், புள்ளைங்களே பதில மாத்திக்கிடும். கம்பு எடுக்க வேண்டிய அவசியம் இல்ல, உங்கள மாதிரி."

அந்தப் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. மறுபடி மூவரும் வேதவல்லி பக்கம் திரும்பினார்கள். அன்று முழுக்க ஒன்றில்கூட ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்:

"நீங்களே கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்டுருங்கம்மா."

வேதவல்லி கேட்கவில்லை. எழுந்து பீரோவுக்குப் பின்னால் போனார்.

நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்று பதில்களில் எதை நம்புவீர்கள்? இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை இது. புண்ணில் பேஸ்ட் இருந்தது, பிறகு கட்டு வந்தது, கட்டுக்குப் பிறகு பன், பன்னில் மிச்சம் சிந்துஜாவுக்கு. ஆகவே முதலில் கேட்டவர் டாக்டர். அந்தப் பிள்ளைக்கு மறுகேள்வி என்றால் தப்பு என்று பொருள். யாருமே 'உக்காரு' என்று சொல்லாததால் அவள் பதிலை மாற்றிக்கொண்டே போனாள். கேட்காமல் போன் போட்ட எஸ்தர் செய்தது சரி. ஆனால் தன் வகுப்பு வழக்கத்தை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் கேட்க மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் போதும். மூவரும் மூன்று அறையில் கேட்டார்கள், ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை, அதுதான் பிழை. வேதவல்லி பிள்ளையின் பக்கத்தில் குந்தி, "நீ தப்பாச் சொன்னேன்னு யாரும் திரும்பக் கேக்கல கண்ணு. நாங்க எங்களுக்குள்ள பேசிக்கல, அதான்" என்றார். ஊதல் நின்றது. முத்துஹரிணி சற்று யோசித்துவிட்டு, "அப்ப முதல்ல சொன்னதே இருக்கட்டும்" என்றாள். முதல் பதிலைக் கேட்டும் மற்ற இருவரிடம் உடனே சொல்லாமல் விட்ட டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மாசானமுத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அம்மாவை அனுப்பச் சொன்னார்; "இத அந்த டீச்சர் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி வெளியே பெஞ்சை நோக்கி நடந்தார். வேதவல்லி நாற்காலிக்குத் திரும்பி, பாதி சீவி வைத்திருந்த பச்சைப் பென்சிலைக் கையில் எடுத்தார்.