காலியாகாத பானை

சின்னவர்கள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் பின்னால் சாய்ந்து உட்காருங்கள். மிளகாய் இன்னும் நம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், காரமென்றால் மிளகு என்றிருந்த காலத்தில், ஓர் அரசன் ஓர் ஏரி வெட்டினான். அரசன் பெயர் மறந்துபோயிற்று. ஏரியின் கீழே ஏழு வீடுகள் இருந்தன. அந்த ஏழில் ஒரு வீட்டைப் பற்றித்தான் இந்தக் கதை.

அந்த வீட்டில் எயினியும் அவள் கணவன் சேந்தனும் இருந்தார்கள். இரண்டு பேரும் உழைப்பாளிகள். சேந்தன் கூடை முடைந்தால் தண்ணீர்கூட ஒழுகாது என்பார்கள். எயினி, வரப்பில் பதிந்த குளம்படியைப் பார்த்தே எந்த வீட்டு மாடு மேய்ந்தது என்று சொல்லிவிடுவாள். ஆனால் அடுப்பென்றால் இருவருக்குமே ஆகாது.

தினமும் காலையில் புளியங்கொட்டையைச் சுண்டிப் போடுவார்கள். கறுப்புப் பக்கம் விழுந்தால் அவள் சமைக்க வேண்டும். தேய்த்து வெளுத்த பக்கம் விழுந்தால் அவன். யார் சமைத்தாலும் பழையசோறும் உப்பும்தான். இருவரும் குறை சொல்வதில்லை. குறை சொல்ல அங்கே எதுவும் இருந்ததில்லை.

அந்த ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. மடையைத் திறந்து மூடுகிறவர் காரி என்பவர். கடைசித் தண்ணீர் விடுவதற்கு முந்தைய மூன்று வாரமும் அவர் கரையை விட்டு நகரக் கூடாது. அதனால் ஏழு வீட்டாரும் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து அவருக்குச் சோறு அனுப்புவார்கள். மாலையில் பானையை அவர் மடைக் கல்லின் மேல் வைப்பார். ஏரி வாரியத் தலைவர் எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து பார்ப்பார். ஒரு வீட்டுக்கு மூன்று முறை வரும். மூன்றில் ஒரு முறையாவது பானை காலியாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வீட்டு வயலுக்குத் தண்ணீர் கடைசியில்தான்.

பசித்த காவலன் கண்ணயர்வான், கண்ணயர்ந்தால் கரை உடையும் என்பதால் வந்த வழக்கம் அது. இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டைப் பற்றி மடைக்காரர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசவிட்டால் அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று கேட்பார் அல்லவா?

அந்த வருஷம் மழை குறைவு. கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். எயினியின் நெல்லோ பால் பிடிக்கும் பருவம். ஒரு நனைப்பு கிடைத்தால் நெல். கிடைக்காவிட்டால் வெறும் பதர்.

முதல் முறை வந்தது.

"மாமா, பக்கத்து வீட்டு நங்கை ஏழு வகை வைத்து அனுப்பினாளாம். பானை காலியாக வந்ததாம்" என்றாள் எயினி.

"அப்போ நாமும் ஏழு வைப்போம். எண்ணிக்கையில் என்ன குறைச்சல்?" என்றான் சேந்தன்.

சமைக்கத் தெரியாதவர்கள்தான், பாருங்கள், நிறைய சமைக்கப் பார்ப்பார்கள். ஒன்று தீய்ந்தது, ஒன்று வேகவில்லை, ஒன்றில் உப்பு இரண்டு முறை விழுந்தது, ஒன்றில் விழவே இல்லை. சோறு அடிப்பிடித்தது. எல்லாம் முடிந்து பானை கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

மாலையில் தலைவர் மூடியைத் திறந்தார். முக்கால் பானை அப்படியே இருந்தது.

இரண்டாம் முறை வந்தது. கொட்டை வெளுத்த பக்கம் விழுந்தது.

"வம்பே வேண்டாம்" என்றான் சேந்தன். சோறு வடித்தான், ஆறவிட்டான், மோர் ஊற்றினான், ஓரத்தில் ஓர் உப்பு மாங்காயைப் போட்டான். தீயவில்லை, கரிக்கவில்லை, தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அரைப் பானை திரும்பி வந்தது.

மடைக் கல்லின் அருகே நங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி எயினி, கரையில் படுத்திருக்கும் நாயை நீ ஏதாவது அடித்தாயா? உன் வீட்டுப் பானை வந்தாலே எழுந்து போய்விடுகிறதே!"

"அதற்கு உன் வீட்டில் தின்று வயிறு நிறைந்திருக்கும், அக்கா" என்று சொல்லிவிட்டு எயினி பானையைத் தூக்கிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு முறை.

வீட்டுக்கு வந்ததும் சேந்தன் மிச்சத்தைக் கொட்டப் போனான்.

"கொட்டாதே மாமா. அவர் வாய்தானே பேசக் கூடாது? பானை பேசலாமே" என்றாள் எயினி.

வரப்பில் குளம்படி பார்க்கிறவள் பானைக்குள் குனிந்து பார்த்தாள். சோறு அப்படியே கிடந்தது. மாங்காய் மட்டும் கொட்டை வெளுக்கச் சப்பப்பட்டிருந்தது. முதல் பானையையும் நினைத்துப் பார்த்தாள். ஏழு வகையும் மிஞ்சியிருந்தன; அடிப்பிடித்த பொன்னிறக் காந்தல் மட்டும் ஒரு துணுக்கு இல்லை. குழம்பின் மேல் நெய் உறைந்து கட்டியாக நின்றிருந்தது, தொடவே இல்லை.

"ஈரக்காற்றில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற மனுஷன்" என்றாள் மெல்ல. "சூடாக ஒன்று வேண்டும். புளிப்பாக ஒன்று வேண்டும். கடிக்க மொறுமொறுவென்று ஒன்று வேண்டும். அவ்வளவுதான் மாமா. ஏழெல்லாம் வேண்டாம்."

"மூன்று போதுமா?"

"மூன்று என்றால் எனக்கும் முடியும்."

மூன்றாம் முறை வந்தது. கொட்டை கறுப்புப் பக்கம் விழுந்தது. எயினி பெருமூச்சு விட்டாள். ஆசை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வரவில்லை. ஆனால் எழுந்தாள்.

சாமையையும் பச்சைப்பயற்றையும் ஒரே பானையில் போட்டாள். நாலு மிளகை நுணுக்கி, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு, உப்பை ஒரே முறை போட்டாள். அது தானாக வேகட்டும் என்று விட்டுவிட்டு, வெறும் சட்டியில் ஒரு கைப்பிடி கொள்ளுப் பயறை வெடிக்க வெடிக்க வறுத்தாள். பச்சை மாங்காயைக் கீறி உப்பில் பிசறினாள். பானையை இறக்கும் சமயத்தில் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையைப் போட்டுக் கிண்டி மூடினாள். வேலை முடிந்தது. வெயில் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

சேந்தன் பானையைச் சுற்றி வைக்கோலைத் திணித்துக் கூடையில் வைத்து, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனான். மூடியைத் திறந்தபோது ஆவி பறந்ததாம். காரி பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாலையில் ஏழு வீட்டாரும் கூடினார்கள். காரி பானையைக் கல்லின் மேல் வைத்தார். தலைவர் மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"காலி இல்லையே, அம்மா."

நங்கைகூடச் சிரிக்கவில்லை.

எயினி முன்னால் வந்தாள். "உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள் ஐயா. எல்லோரும் பார்க்கட்டும்."

தலைவர் எடுத்து வைத்தார். காம்போடு ஒரு பச்சை மாங்காய். ஒரு கொத்து முருங்கைக் கீரை. துணியில் முடிந்த ஒரு கைப்பிடிக் கொள்ளு. எல்லாமே கரையோரத்தில் விளைகிறவை.

எயினி அவற்றை ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"ஐயா, நான் அனுப்பியது கீறிய மாங்காய், இது முழு மாங்காய். நான் அனுப்பியது வெந்த கீரை. இது மரத்திலிருந்து பறித்தது. நான் அனுப்பியது வறுத்த கொள்ளு, இது பச்சை. என் வீட்டுச் சோற்றில் மிச்சம் ஒரு பருக்கை இருந்தால் காட்டுங்கள், கடைசியிலேயே தண்ணீர் வாங்கிக்கொள்கிறேன்."

தலைவர் பானைக்குள் விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது.

"அப்படியானால் இதெல்லாம் என்ன?"

"இதையே மறுபடியும் சமைத்துக் கொடு என்கிறார், ஐயா. கேட்கக் கூடாதவர் வேறு எப்படிக் கேட்பார்?"

எல்லோரும் காரியைப் பார்த்தார்கள். காரி ஏரியைப் பார்த்தார்.

"உண்மையா காரி?" என்றார் தலைவர்.

"சாப்பாட்டைப் பற்றி நான் பேசக் கூடாது ஐயா, வழக்கம்" என்றார் காரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடையை நோக்கி நடந்தார். "சேந்தன் வயலுக்கு முறைப்படி திறப்பதா, கடைசியில் திறப்பதா? அதை மட்டும் சொல்லுங்கள்."

தலைவர் சிரித்துவிட்டார். முறைப்படியே திறந்தார்கள். நெல் பால் பிடித்து முற்றியது.

மறுநாள் நங்கை வேலி ஓரமாக வந்து நின்றாள். "அதில் என்னதாண்டி போட்டாய்?"

"நாலு மிளகு அக்கா. நீ ஐந்து போட்டுவிடாதே" என்றாள் எயினி.

அதன் பிறகும் அந்த வீட்டில் புளியங்கொட்டை சுண்டுவது நிற்கவில்லை. கொட்டை எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு பெருமூச்சு கேட்கும். பிறகு அடுப்பு எரியும்; அதில் சூடாக ஒன்று, புளிப்பாக ஒன்று, மொறுமொறுப்பாக ஒன்று.

கதை சொல்லும் நீதி இதுதான்: சமைக்க ஆசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உண்பவரைக் கவனித்துச் செய்த எளிய சோறு, கவனிக்காமல் செய்த ஏழு வகை விருந்தைவிட வயிற்றையும் மனத்தையும் நிறைக்கும்.