மீசைக் கோப்பையும் பாத்திர மெஷினும்

மதுரையில் பூவராகன் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். மீசைப் போட்டியில் வென்ற ஒரு முழ உயரக் கோப்பையையும் சேர்த்து, பாத்திரம் கழுவும் மெஷினில் அவரே எல்லாவற்றையும் அடுக்கினார். மெஷின் ஓடி நின்ற பிறகும் எதிலும் சாம்பார்க் கறை போகவில்லை.

"நீதான் மெஷினைக் கெடுத்தே!" என்று சமையற்காரி செங்கமலத்திடம் பாய்ந்தார். "நான் அடுக்கினதுல ஒரு ஸ்பூனைக்கூடத் தொடக் கூடாது. ஆனா எல்லாம் பளபளக்கணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

செங்கமலம் பயந்துகொண்டே மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். சுழன்று தண்ணீர் பீய்ச்ச வேண்டிய கை, கோப்பையில் இடித்து நின்றிருந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, அந்தக் கப்புல உங்க பேரு எங்க போட்டிருக்கு?"

பூவராகனுக்கு வாயெல்லாம் பல். கோப்பையை வெளியே எடுத்துத் தன் பெயரை மூன்று முறை வாசித்துக் காட்டினார். பிறகு மீசை வளர்த்த கதையை ஆரம்பித்தார். செங்கமலம் கதவை மூடிப் பொத்தானை அழுத்திவிட்டு, "அப்புறம் ஐயா?" என்றாள்.

கதை முடிவதற்குள் மெஷின் வேலையை முடித்துவிட்டது. தட்டுகளில் முகம் தெரிந்தது.

"எதைத் தொட்டே?" என்று அதட்டினார்.

"ஒண்ணையும் தொடலை ஐயா. உங்க கப்புதான் வழியை மறிச்சுது. அதை எடுத்து ரிப்பேர் பண்ணினது நீங்கதான்!"

பூவராகன் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"நாளைக்குச் சீக்கிரமா வா," என்றார். "ரிப்பேர் பண்ணினது நான்தான்னு பக்கத்து வீட்டுல சொல்ல ஒரு சாட்சி வேணும்."