அப்படியே நடத்திய கோடைப் பயிற்சி

மல்லாந்தான்பட்டி நடுநிலைப் பள்ளியில் நாலு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அறிவைப் பற்றி ஊரில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. ஊரே அந்தப் பள்ளியில் படித்ததுதான்.

தலைமை ஆசிரியர் திருவேங்கடத்துக்கு மட்டும், 'நமக்கு நிஜமாகவே அறிவு இருக்கிறதா?' என்று அவ்வப்போது ஒரு சந்தேகம் வரும். சாப்பாடு பிடிக்காது, யாரோடும் பேசமாட்டார். பிறகு, அறிவில்லாதவனுக்கு இப்படியொரு சந்தேகம் வருமா என்று தோன்றும். உடனே இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிடுவார்.

அந்த வருஷம் மே மாதம் அந்தச் சந்தேகம் வந்து, போகவே இல்லை. கல்வி அதிகாரி ஓர் உத்தரவு போட்டிருந்தார். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு டவுனில் பயிற்சி. அங்கே கற்றதை அவரவர் பள்ளியில் பெற்றோர்கள் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார். மல்லாந்தான்பட்டியும் பக்கத்து நிமிர்ந்தான்பட்டியும் சின்னப் பள்ளிகள். எது சரியாக நடத்தவில்லையோ, அதை மூடி மற்றதோடு சேர்த்துவிடுவார்.

நிமிர்ந்தான்பட்டியின் தலைமை ஆசிரியர் கோமதிநாயகம், திருவேங்கடத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. கோயில் கொடை விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"கவலைப்படாதீங்க அத்தான். எங்க ஸ்கூல்ல உங்களுக்கு ஜன்னலோரமா ஒரு நாற்காலி போட்டு வைக்கேன். காத்து நல்லா வரும்."

கல்யாணமான புதிதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த மச்சினனிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு லீவு கேட்பதை நினைத்துப் பார்த்தார் திருவேங்கடம். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

பயிற்சி நாளன்று நாலு பேரும் முதல் பஸ்ஸிலேயே டவுனுக்குப் போய், பூட்டியிருந்த மண்டபத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் மெர்லின் டீச்சர் சின்னப் பெண். பச்சைப் புடவை கட்டியிருந்தார். மைக் 'கீ' என்று கத்தி ஓய்ந்ததும் பேச ஆரம்பித்தார்.

"இங்க நான் என்னென்ன செய்றேனோ, அதை அப்படியே உங்க ஸ்கூல்ல செஞ்சு காட்டணும். ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு குறையவும் கூடாது." சொல்லிவிட்டு இருமினார்.

அறிவியல் ஆசிரியர் பிச்சாண்டி மெல்லக் குனிந்தார். "சார், இருமலும் சேர்த்தியா?"

திருவேங்கடம் யோசித்தார். "குறையக் கூடாதுன்னு சொன்னதுக்கு முன்னாடி இருமினாங்களா, பின்னாடி இருமினாங்களா?"

"பின்னாடி."

"அப்ப சேர்த்திதான்."

உடனே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மின்சாரம், மைக், மின்விசிறி எல்லாம் பிச்சாண்டி. மெர்லின் டீச்சரின் கை, கால், இருமல் எல்லாம் கணக்கு ஆசிரியர் சவரிராயன். தமிழாசிரியை அங்கயற்கண்ணி மற்றவர்களைக் கவனிக்க வேண்டும். யார் கொட்டாவி விட்டது, யார் எப்போது தூங்கியது எதுவும் விட்டுப்போகக் கூடாது. மேற்பார்வை திருவேங்கடம்.

கவனிப்பதற்கு நிறைய இருந்தது. பாதியில் கரண்ட் போனது. மெர்லின் டீச்சருக்கு ஒரு போன் வந்தது. "மூணு விசில் வந்தாச்சுன்னா குக்கரை அணைச்சுடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் ஒரு செவலை நாய் உள்ளே வந்து, மேடையைச் சுற்றியது. மெர்லின் டீச்சர் கையிலிருந்த சார்ட்டைச் சுருட்டி ஒரு தட்டுத் தட்டினார். நாய் போய்விட்டது.

டீ இடைவேளையில் நாலு பேரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

"நாய் பயிற்சியிலே உண்டா, இல்லையா?" என்றார் சவரிராயன்.

"உள்ளே வந்துச்சா இல்லையா? வந்துட்டா உண்டு," என்றார் அங்கயற்கண்ணி.

"நம்மூர்ல செவலை நாய் கிடையாதே. கறுப்புதானே இருக்கு?"

பிச்சாண்டி சொன்னார்: "செங்காவியைக் கரைச்சுப் பூசிடலாம். ஆனா நக்கிடும்."

"நக்கினா நக்கட்டும். அதிகாரி வர்ற வரைக்கும் இருந்தாப் போதும்," என்று தீர்ப்புச் சொன்னார் திருவேங்கடம். சொன்னவருக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. "ஆமா, அந்தம்மா பாடம் ஏதாவது நடத்தினாங்களா?"



"அதை யாருக்கும் பிரிச்சு விடலியே சார்," என்றார் சவரிராயன்.

பிரித்துவிடாத வேலையைச் செய்வது ஒழுங்கில்லை என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் திருவேங்கடத்துக்கு அந்த ஜன்னலோர நாற்காலிதான் கண் முன்னால் வந்தது.

நடத்திக் காட்டும் நாளும் வந்தது. மெர்லின் டீச்சராக யார் நடிப்பது என்று காலையில் ஒரு விவாதம்.

"பொம்பளைங்கறதால நானே இருக்கேனே சார்," என்றார் அங்கயற்கண்ணி.

"தலைமை ஆசிரியர் இருக்கும்போது உதவி ஆசிரியை மேடை ஏறினா பணிமூப்பு என்ன ஆகும்மா?" என்று வருத்தத்தோடு கேட்டார் திருவேங்கடம்.

ஆகவே வேட்டிக்கு மேலே மனைவியின் பச்சைப் புடவையைச் சுற்றிக்கொண்டு தலைமை ஆசிரியரே மேடை ஏறினார். பள்ளிக்கூட வராந்தாவில் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்வி அதிகாரியும் மெர்லின் டீச்சரும் முன்னால் இருந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கோமதிநாயகமும் வந்திருந்தார். புடவையைப் பார்த்ததும் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பள்ளியில் மைக் கிடையாது. எனவே பிச்சாண்டி 'கீ' என்று கத்தினார்.

திருவேங்கடம் தொடங்கினார். "இங்க நான் என்னென்ன செய்றேனோ, அதை அப்படியே உங்க வீட்ல செஞ்சு காட்டணும்." இருமினார். நல்ல இருமல். முன்வரிசைக் கிழவர் ஒருவர் இரக்கப்பட்டுத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். தண்ணீர் பயிற்சியில் இல்லை என்று சவரிராயன் அதைப் பிடுங்கி வைத்தார்.

மின்விசிறி ரொம்ப நாளாக ஓடுவதில்லை. ஓடாத விசிறி எப்படி நிற்கும்? அதனால் பிச்சாண்டி மேசைமேல் ஏறி ஒரு கம்பால் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நேரம் வந்ததும் கம்பை எடுத்துவிட்டு, "கரண்ட் போச்சு!" என்றார். அங்கயற்கண்ணி கையைக் காட்ட, பின்வரிசைப் பெற்றோர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தூங்கினார்கள். சிலர் நடிக்கவில்லை.

திருவேங்கடம் காதில் கையை வைத்தார். "மூணு விசில் வந்தாச்சுன்னா குக்கரை அணைச்சுடுங்க."

அதிகாரி மெர்லின் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். மெர்லின் டீச்சர் தரையைப் பார்த்தார்.

கடைசியில் நாய். செங்காவி பூசிய கறுப்பு நாயைச் சவரிராயன் இழுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் நக்கி, அது பாதி செவலை பாதி கறுப்பாக இருந்தது. மேடையை அழகாகச் சுற்றி வந்தது. சார்ட்டைச் சுருட்டி ஒரு தட்டுத் தட்டினார் திருவேங்கடம். நாய் போகவில்லை. விளையாட்டு என்று நினைத்து முந்தானையைக் கவ்விக்கொண்டது. அவர் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, புடவை நாயோடு போய்விட்டது. தலைமை ஆசிரியர் வேட்டியோடு மேடையில் நின்றார்.

கோமதிநாயகம் வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அதிகாரி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "மிஸ்டர் திருவேங்கடம், இது என்ன கூத்து? இருமல், குக்கர், நாய்! இதுவா பயிற்சி?"

திருவேங்கடம், போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்போது மெர்லின் டீச்சர் மெதுவாக எழுந்தார்.

"சார், அவங்க மேல தப்பு இல்லை. எல்லாம் அப்படியேதான் இருக்கு. புடவை போனது மட்டும்தான் கூடுதல்."

"அப்ப அந்த இருமல் உங்களோடதா?"

"என்னோடது இல்லை சார். மாவட்டப் பயிற்சியில எங்க கருத்தாளர் இருமினாங்க. அப்படியே செய்யணும்னு சொன்னாங்க, நானும் இருமினேன்."

"குக்கர்?"

"அதுவும் அவங்க வீட்டுக் குக்கர்தான் சார். எங்க வீட்ல குக்கரே கிடையாது."

அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நாய்?"

"அதை நான்தான் வீட்லருந்து பஸ்ல கூட்டிட்டு வந்தேன் சார். மாநிலப் பயிற்சியில மாடு வந்துச்சாம். மாவட்டத்துல மாடு கிடைக்கலைன்னு நாயா மாத்திட்டாங்க."

  அதிகாரி கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"நேத்து உங்க ஸ்கூல்ல நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். நீங்க இருமினீங்களா?"

"இல்லை சார்."

"நாய்?"

"வந்துச்சு சார், விரட்டிட்டு வாசலைப் பூட்டிட்டோம்."

"அப்ப என்னதான் நடத்தினீங்க?"

"வாசிக்கத் திணறுற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு நடத்தினோம் சார்."

அதிகாரி மெர்லின் டீச்சரைப் பார்த்தார். "அது பயிற்சியிலே இருந்துச்சா?"

மெர்லின் டீச்சர் நெற்றியைத் தடவினார். "மாவட்டத்துல இருந்திருக்கும் சார். நான் நாயைக் கவனிச்சிட்டு இருந்த நேரத்துல போயிருக்கும்."

சொந்தமாக ஒன்றைக் கூட்டியதற்காகவும், வந்த நாயைக் குறைத்ததற்காகவும் நிமிர்ந்தான்பட்டிப் பள்ளி மல்லாந்தான்பட்டியோடு சேர்க்கப்பட்டது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று கோமதிநாயகம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திருவேங்கடம் மனசு கேட்காமல் லேசான வேலையாகவே கொடுத்தார்.

"மாப்ளே, அடுத்த கோடைக்கு நாம நாயோட நின்னுடக் கூடாது. மாநில அளவுக்குப் போகணும். மாடு உன் பொறுப்பு."

"எந்த மாடு அத்தான்? பசுவா, காளையா?"

திருவேங்கடத்துக்கு மறுபடியும் அந்தச் சந்தேகம் வந்தது. விளக்கம் கேட்டு மேலே எழுதிப் போட்டிருக்கிறார். பதில் வருகிறவரைக்கும் ஒரு பசுவையும் ஒரு காளையையும் ஒன்றாம் வகுப்பில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வகுப்பில் இதுவரை ஒருநாள்கூட லீவு போடாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.