பொக்கிஷதார் கேட்ட குறைந்த விலை

இளங்கேசரி மன்னர் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். ஊரே கொள்ளும் பந்தல் வேண்டும். பேரம் பேசும் பொறுப்பு பொக்கிஷதார் அனந்தநாயகத்திடம் போயிற்று. அரண்மனைக்காக மிச்சம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கத்தரிக்காய்க்காரிகூட அவரைக் கண்டால் கூடையை மூடிக்கொள்வாள்.

பந்தல்காரர் சடையாண்டி சபைக்கு வந்தார். "முந்நூறு பொன் ஆகும் ஐயா" என்றார்.

"முந்நூறா? மூங்கில் எவ்வளவு, கயிறு எவ்வளவு, கணக்குச் சொல்!"

சடையாண்டி ஒன்றுவிடாமல் சொன்னார். பொக்கிஷதார் கொட்டாவி விட்டார்.

"இன்னொருவன் நூறுக்குக் கட்டித் தருகிறான், தெரியுமா?"

"கட்டுவான் ஐயா. பெரிய காற்றடித்தால் அது நிற்காது. அடியில் உட்காரப் போவது ஆயிரம் தலை."

"அதை விடு. அரண்மனைப் பந்தல் கட்டினால் உன் பெயர் எட்டுத் திக்கும் பரவுமே, அதற்கு விலை உண்டா?"

"அந்தப் பெயரைக் கடையில் கொடுத்தால் கயிறு தருவார்களா ஐயா?"

"வாய்த்துடுக்கு! அரசே, குறைந்த விலை சொல்பவனுக்கே வேலை. நூறுக்காரனையே வைத்துக்கொள்வோம்."

மன்னர் தலையசைக்கப் போனார். அப்போது விகடகவி மருதப்பர் கைதட்டினார்.

"அருமையான முறை அரசே! பந்தலோடு ஏன் நிறுத்த வேண்டும்? அரண்மனை உத்தியோகம் எல்லாவற்றுக்கும் இதையே வைத்தால் கஜானா நிரம்பி வழியுமே!"

மன்னருக்கு ஆசை வந்துவிட்டது. "எதில் தொடங்கலாம்?"

"பொக்கிஷதார் உத்தியோகத்தில்தான். இவருக்கு மாதம் நூறு பொன் சம்பளம். நான் ஐம்பதுக்குச் செய்கிறேன்."

பொக்கிஷதார் சிரித்தார். மன்னர் சிரிக்கவில்லை. "மருதப்பர் ஐம்பது. வேறு யார்?"

பொக்கிஷதார் அவசரமாகக் குறுக்கிட்டார். "நாற்பது!"

"இருபது" என்றார் மருதப்பர்.

"பத்து!"

"ஒரு பொன்."

"சம்பளமே வேண்டாம் அரசே! சும்மாவே செய்கிறேன்!" என்று பொக்கிஷதார் கத்தினார்.

"நானும் சும்மாதான் செய்வேன்" என்றார் மருதப்பர். "எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்."

பொக்கிஷதார் இடுப்புச் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆத்திரத்தில் வாய் முந்திவிட்டது.

"அரசே! மாதம் இருநூறு பொன் நானே அரண்மனைக்குக் கட்டிவிடுகிறேன்! உத்தியோகம் மட்டும் என்னிடமே இருக்கட்டும்!"



மன்னர் மெதுவாகக் கேட்டார். "சம்பளமும் இல்லை. மேற்கொண்டு இருநூறு கட்ட வேண்டும். உமக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?"

பொக்கிஷதார் சாவிக்கொத்தை மடிக்குள் செருகப் பார்த்தார்.

"அரசே, பந்தல்காரர் விலை சொன்னதும் கணக்குக் கேட்டார் அல்லவா?" என்றார் மருதப்பர். "இவரும் விலை சொல்லிவிட்டார். நாமும் கணக்குக் கேட்போமே!"

கேட்டார்கள். அன்று மாலையே பொக்கிஷதார் வீட்டுக் கொல்லையில் நாலு இடத்தில் தோண்ட வேண்டியிருந்தது. சடையாண்டிக்கு முந்நூறும் பேசி, பாதியை முன்பணமாகவும் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று புழுதிக்காற்று அடித்தது. பந்தல் அசையவில்லை.

விருந்து முடிந்ததும் மன்னர் சாவிக்கொத்தை நீட்டினார்.

"மருதப்பரே, நீர்தானே சும்மா செய்வதாகச் சொன்னீர்? பிடியும்."

மருதப்பர் இரண்டடி பின்னால் போனார்.

"என்ன அரசே இது! சும்மா செய்கிறேன் என்பவனை நம்பி யாராவது சாவியைக் கொடுப்பார்களா?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. மாதம் நூற்றைம்பது பொன் சம்பளம் பேசிய பிறகுதான் மருதப்பர் சாவியைத் தொட்டார்.