இரண்டாவது மைக்

படத்தின் பூஜையன்று மூத்த ஒளிப்பதிவாளர் ஒருவர் பேசினார். டைரக்டர் அருமைராஜுக்கு அதில் பாதிதான் கேட்டது. "சாவைப் படமா எடுக்க வர்றவன் முதல்ல..." மீதியை அவர் சொன்னபோது யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

கதை சின்னது. மாவு மில் நடத்தும் தாய் இறந்துபோகிறாள். பள்ளிக்கூடம் போகிற மகள் பவளம் மில்லைத் தானே ஓட்டப் பழகுகிறாள். தாய் வேடத்துக்கு யாரும் அமையாமல், அருமைராஜ் தன் அம்மாவையே நடிக்க வைத்தான். படப்பிடிப்பு முடிந்த கொஞ்ச நாளில் அம்மா நிஜமாகவே இறந்துபோனார்.

படத்தொகுப்பாளர் ரெஜினாவிடம்தான் அவன் தொழில் கற்றான். முதல் படத்தையும் அவரிடமே கொண்டுவந்தான். ரெஜினா ஒரு பாட்டை முழுதாக வெட்டினார். தலையாட்டினான். சண்டைக் காட்சியைப் பாதியாக்கினார். அதற்கும் தலையாட்டினான். இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற டைரக்டரைத் தான் பார்த்ததே இல்லை என்றார் ரெஜினா.

கடைசிக் காட்சியில் அவன் முரண்டு பிடித்தான்.

பவளம் முதன்முறையாகத் தனியே மோட்டாருக்கு பெல்ட் மாட்டுகிறாள். அதை எடுத்த அன்று கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த அருமைராஜின் அம்மா, படம் ஓடுவதை மறந்து பேசிவிட்டார். "விரலப் பாத்து பிள்ள... ம், அப்படித்தான்." பவளமாக நடித்த பெண்ணின் சட்டையில் இருந்த மைக்கில் அது விழவில்லை. மேலே நீட்டியிருந்த இரண்டாவது மைக்கில் தெளிவாக விழுந்திருந்தது.

அந்தக் குரல் படத்தில் இருக்கட்டும் என்றான் அருமைராஜ். பவளத்தின் மனசுக்குள் கேட்கிற குரல் என்று எடுத்துக்கொள்வார்கள் என்றான். மற்ற இடங்களில் அம்மா வசனம்தான் பேசினார், இங்கே மட்டும்தான் அவராகப் பேசியிருக்கிறார் என்றான்.

ரெஜினா திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓடவிட்டார்.

"பெல்ட்டை மாட்டினது யாரு?"

"பவளம்."

"அது உனக்குத் தெரியும். காதுல விழுந்ததைச் சொல்லு."

அவன் இன்னொரு முறை ஓடவிடச் சொல்லிக் கேட்டான்.

"அம்மா சொல்லிக் குடுத்து மாட்டுறா."

"அவங்க இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

ரெஜினா எழுந்தார். தன் எடிட்டிங் நாற்காலியில் அவர் யாரையும் உட்கார விட்டதில்லை. இப்போது அதை அவன் பக்கம் தள்ளிவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

"அக்கா, இதையும் எடுத்துட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

ரெஜினா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு கேக்க வேண்டிய கேள்விடா அது. நீ கேக்கவே விடல."

கதவு சாத்திக்கொண்டது.

அருமைராஜ் நாற்காலியில் உட்கார்ந்து காட்சியை முதலிலிருந்து ஓட்டினான். பிறகு இரண்டாவது மைக்கின் ஒலியை முழுவதுமாக அணைத்தான்.