எட்டிக்காயை விட்ட கரடி

ஒரு காட்டில் வீரணன் என்றொரு கரடி இருந்தான். பலசாலி. கோபக்காரன். சாதாரணக் கோபம் இல்லை, பிள்ளைகளே. காற்றடித்தால் கத்துவான். அடிக்காவிட்டாலும் கத்துவான். அவன் காலடிச் சத்தம் கேட்டாலே அவனுடைய குட்டி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஒருநாள் அவன் மனைவி செவத்தாள் சொல்லிவிட்டாள்.

“இதோ பாருங்க. இன்னும் ஒரே ஒரு தடவை கத்துங்க. குட்டியைத் தூக்கிக்கிட்டு அக்கா குகைக்குப் போயிடுவேன்.”

வீரணன் மரத்தடியில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சொன்னால் செய்கிறவள் அவள்.

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து குதித்தான் தொங்கன் என்ற குரங்கு. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் கொட்டை மாலை. புண்ணியத் தலம் ஒன்று விடாமல் சுற்றுகிறவன்.

“இதுக்கா அண்ணே முகத்தைத் தொங்கப் போட்டிருக்கே? ஏழு மலை தாண்டினா வெள்ளிப்பாறை ஆசிரமம். மூணு நாள் கண்ணை மூடி உட்காரணும். கடைசி நாள் சுனையிலே மூணு முங்கு. மனசு பஞ்சு மாதிரி ஆயிடும்.”

“நிஜமாவா?”

“பன்னிரண்டு தடவை போயிருக்கேன். என்கிட்டயா கேட்கறே?”

வீரணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதே கிளம்பிவிட்டான். ஏறும்போது பாடினான், இறங்கும்போது ஓடினான். ஐந்தாவது மலையில் மேகம் காலுக்குக் கீழே போனது. “வந்தாச்சா, வந்தாச்சா” என்று கேட்டுக் கேட்டுத் தொங்கனின் உயிரை எடுத்தான். ஆறாவது மலை உச்சியிலிருந்து வெள்ளிப்பாறை தெரிந்தது, வெயிலில் தகதகவென்று. வீரணனுக்கு மயிர் சிலிர்த்தது. நின்ற இடத்திலேயே கும்பிட்டான்.

அங்கேதான் தொங்கன் காதைக் கடித்தான்.

“அண்ணே, அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுனையிலே முங்கறதுக்கு முன்னாலே, உனக்குப் பிடிச்ச ஒண்ணை விட்டுடறேன்னு சொல்லணும். சொன்னா ஆயுசுக்கும் தொடக் கூடாது. தேன்னு உளறி வைக்காதே.”

“ஐயோ, தேன் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?”

“எட்டிக்காய்னு சொல்லு.”

“அந்தக் கசப்பை எவன் தின்பான்?”

“அதுக்குத்தானே சொல்றேன். நான் பாகற்காயை விட்டேன். வேப்பங்கொட்டையை விட்டேன். ஒரு தடவை கூழாங்கல்லைக்கூட விட்டேன். வாழைப்பழம் பத்திரமா இருக்கு.”

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆசிரமத்தை நடத்தியவர் ஆமையார். பேச்சுக் குறைவு. மூன்று நாளும் வீரணன் கண்ணை மூடி உட்கார்ந்தான். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அங்கே யாரும் அவனைச் சீண்டவில்லை, அவ்வளவுதான்.

கடைசி நாள் சுனைக்கரையில் ஆமையார் கேட்டார். “எதை விடுகிறாய்?”

“எட்டிக்காய்.”

“பிடிக்குமா?”

“உயிர்.”

ஆமையார் அவனை ஒரு பார்வை பார்த்தார். “முங்கு.”

முங்கினான். எழுந்தபோது உடம்பே மிதப்பது போல் இருந்தது. ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தீர்த்தம் பிடித்துக்கொண்டு ஏழு மலையையும் ஒரே மூச்சில் தாண்டினான்.

“செவத்தா, கோபம் போயே போச்சு. வந்து பாரு.”

அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுக் குட்டி முதல் தடவையாக அவனை நோக்கி ஓடிவந்தது. வந்த வேகத்தில் மோதியது. குடுக்கை கவிழ்ந்தது. தீர்த்தம் மண்ணோடு போனது.

வீரணன் கத்தினான். காடு அதிரக் கத்தினான்.

செவத்தாள் சொன்னதைச் செய்தாள். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

வீரணன் அசையாமல் நின்றான். பெண்டாட்டியும் பிள்ளையும் போகிறார்கள். ஆனால் நாக்கில் ஓர் இனிப்பு. தேனடையைப் பிழிந்து குடித்த மாதிரி ஒரு சுகம். எப்போது கத்தினாலும் இந்தச் சுகம் வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் கவனித்தான்.

“விடு அண்ணே,” என்றான் பின்னாலேயே வந்து சேர்ந்த தொங்கன். “வேறே தலம் இருக்கு. பத்து மலை. கிளம்பு, கிளம்பு.”

“ஏண்டா, பன்னிரண்டு தடவை முங்கினியே. மனசு பஞ்சாயிருந்தா இன்னொரு தலம் உனக்கு எதுக்கு?”

தொங்கன் தலையைச் சொறிந்தான். அவன் சொறிந்து முடிப்பதற்குள் வீரணன் வெள்ளிப்பாறையை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தான். தனியாக. இந்தத் தடவை பாட்டு இல்லை.

“மறுபடியுமா?” என்றார் ஆமையார். “இப்போது எதை விடுகிறாய்?”

“கத்தறதை.”

“பிடிக்குமா?”

“தேனைவிட.”

ஆமையார் வழியை விட்டு நகர்ந்தார். சுனைத் தண்ணீர் எலும்புவரை கடித்தது. மூன்று முங்கு முங்கினான்.

ஈரம் சொட்டச் சொட்ட செவத்தாளின் அக்காள் குகைக்கு வந்தான். அக்காள் வாசலை அடைத்து நின்றாள்.

“வாங்க சாமியாரே. தண்ணி சிந்தினதுக்குப் பச்சைப் பிள்ளைகிட்டக் கத்தின மகான் நீங்கதானே? உங்க குகையிலே பாறை இருக்குமே, அதுகிட்டப் போய்க் கத்துங்க.”

கத்தல் தொண்டைவரை வந்தது. பெரிய கத்தல். மென்று விழுங்கினான். முள் இறங்குவது போல் இறங்கியது.

“சரி மதினி,” என்றான். “குட்டி சாப்பிட்டுதா?”

அக்காள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கால்களுக்கு நடுவே ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு குட்டி மெல்ல வெளியே வந்து வீரணனை மோந்து பார்த்தது. அவன் காலின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

நீதி: நமக்கு இனிக்கிற கெட்டதை விடாதவரை, எத்தனை தலம் சுற்றினாலும் மனம் அடங்காது.