வேப்பிலை கட்டிய ஊர்

வெகு காலத்துக்கு முன்னால் ஆலங்கோடு என்ற நாட்டை இரணசூரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதை மறந்துவிடுவார், சாயங்காலம் அதற்கு நேர்மாறாக முரசு அறையச் சொல்வார். பக்கத்து நாடான கல்வரையோடு அவருக்கு எல்லை ஏரியின் தண்ணீரை வைத்துத் தாத்தா காலத்துப் பகை. அந்தச் சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அரண்மனையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லையில் இருக்கும் நெடுமடை ஊரில் கேட்டால் வீடு வீடாகப் பேர் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட பகை ஒரே விருந்தில் தீர்ந்துபோயிற்று! கல்வரை ராஜா கூப்பிட்டார், நம் ராஜா போனார், பலாப்பழப் பாயசம் பிரமாதமாக இருந்தது, உடன்படிக்கை ஓலையில் முத்திரை விழுந்துவிட்டது. ஓலையை எழுதியவர் மந்திரி பராங்குசர். 'சமாதான சிகாமணி' என்ற பட்டத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்த மனுஷர். நெடுமடை ஏரியின் மடை இனிமேல் கல்வரைக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரி இருந்தது. ராஜா அதைப் படிக்கவில்லை. பாயசம் இரண்டாம் தடவை வந்த நேரம் அது.

செய்தி கேட்டு நெடுமடை கொதித்தது. அந்த மடையைத் திறந்து மூடுகிறவள் சடைச்சி. அவள் புருஷன் அந்த ஏரிக்கரையில்தான் கல்வரைக்காரர்களோடு சண்டை போட்டுச் செத்தான். அவன் விட்டுப்போன வேலையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"சமாதானம் வேணாம்னு யாரு சொன்னா? இன்னொரு சாவு பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனா எங்க வயலுக்குப் பாயுற தண்ணியை, எங்களை ஒரு வார்த்தை கேக்காம எப்படிக் கொடுக்கலாம்?" என்றாள்.

ஊரே அதைத்தான் கேட்டது. பராங்குசரின் காதுக்கு எட்டியது. உடனே முரசு அறைந்தார்கள். உடன்படிக்கையைப் பழித்துப் பேசினால் நாக்கு அறுபடும். வெள்ளிக்கிழமை இரண்டு ராஜாக்களும் வருவார்கள், எல்லா வாசலிலும் பச்சைத் தோரணம் கட்ட வேண்டும். சடைச்சி தன் கையாலேயே ஒரு குடம் ஏரித் தண்ணீரைக் கல்வரை ராஜாவிடம் கொடுத்து மடையை ஒப்படைக்க வேண்டும்.

"அவரு செத்த இடத்துல தண்ணி மொண்டு, நானே கொடுக்கணுமாம்!" என்று சடைச்சி இரண்டு நாள் புலம்பினாள். மூன்றாம் நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"பச்சைத் தோரணம்தானே கேட்டாங்க? எந்த இலைன்னு சொல்லலையே" என்றாள். ஊர்ப் பெண்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு யானைகளும் மேளதாளத்தோடு ஊர் எல்லைக்கு வந்தன. பார்த்தால் எல்லா வாசலிலும் வேப்பிலை! ஊருக்குள் நுழையும் வழிக்குக் குறுக்கேயும் வேப்பிலை. அம்மை போட்ட வீட்டில்தானே வேப்பிலை கட்டுவார்கள்? ஊர் முழுக்க ஆத்தா இறங்கியிருந்தால் எவன் உள்ளே போவான்? யாரும் சொல்லாமலே மேளம் நின்றது.

தோரணத்துக்கு உட்புறம் சடைச்சி கைகட்டி நின்றாள்.

"பித்தலாட்டம்!" என்று பராங்குசர் குதித்தார். "நேற்றுவரை இந்த ஊரில் ஒருத்தருக்கும் அம்மை கிடையாது!"

"அப்படிங்களா சாமி? வீடு வீடா உள்ள போய்ப் பார்த்துட்டு வாங்களேன். முதல் வீடு என் வீடுதான்."

மந்திரி ஒரு காலைத் தூக்கினார். பிறகு தூக்கிய இடத்திலேயே வைத்துவிட்டார்.

கல்வரை ராஜா யானை மேலிருந்து, "அம்மா, குடத்தை மட்டும் கொடுத்துவிடு, போய்விடுகிறோம்" என்றார்.

"வேப்பிலை கட்டின வாசல்லேருந்து உப்பு, நெருப்பு, தண்ணி எதுவும் வெளிய கொடுக்கக் கூடாதுங்களே. உங்க ஊர்ல எப்படிங்க?"

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

இரணசூரன் முகம் சிவந்தது. "உண்மையைச் சொல். ஊரில் அம்மை இருக்கிறதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் சடைச்சிக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை.

"அம்மை இல்லை மகாராஜா. கோபம் இருக்கு. அதுவும் உடம்பைக் கொதிக்க வைக்குது, பக்கத்து வீட்டுக்கும் ஒட்டிக்குது. எங்களைக் கேக்காம எங்க மடையைக் கொடுத்தீங்க பாருங்க, அதுல வந்தது."

"பழித்துப் பேசிவிட்டாள்! அறுங்கள் நாக்கை!" என்று கத்தினார் பராங்குசர்.

"அறுக்கலாமே. ஆனா நான் வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். இங்கேருந்து எதுவும் வெளிய போகாது. என் நாக்கும்தான்."

முதலில் சிரித்தவர் கல்வரை ராஜா.

"இரணசூரரே, உங்கள் மந்திரியிடம் நான் கேட்டது எங்கள் இரண்டு ஊர்களுக்குக் கோடையில் கொஞ்சம் தண்ணீர். மடையையே எழுதிக்கொண்டு வந்தது அவர்தான். ஊரே மனமுவந்து கொடுக்கிறது என்றார்."

"கோடைத் தண்ணியா?" என்றாள் சடைச்சி. "எங்ககிட்டக் கேட்டிருந்தா நாங்களே கொடுத்திருப்போமே! இதுக்கா எங்க வீட்டு ஆம்பளைங்க செத்தாங்க?"

இரணசூரன் யானையை விட்டு இறங்கினார். பழைய ஓலையை இரண்டாகக் கிழித்தார். "பராங்குசரே, எழுத்தாணியை எடும். கரையில் உட்காரும். இவர்கள் சொல்லச் சொல்ல எழுதும்!"

அக்கரை ஊர்களுக்கு ஆள் போயிற்று. இரண்டு நாட்டு உழவர்களும் ஏரிக்கரையில் கூடி, எந்த மாதம் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் சண்டை போட்டார்கள். கத்தியில்லாமல் போட்ட முதல் சண்டை அது. சிகாமணியாக வேண்டியவர் சேற்றில் சம்மணம் போட்டு, அடித்து அடித்துப் பதினோரு ஓலை எழுதினார்.

நம் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சியிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"மாலை இருக்கட்டும் மகாராஜா. ஓலையை உரக்கப் படிங்க. ஊரு கேக்கட்டும்."

ஆயுளில் ஒரு ஓலையையும் முழுசாகப் படித்தறியாத ராஜா, வெயிலில் நின்று படித்தார். பாதியில், "காதுல விழலை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

படித்து முடித்ததும் முத்திரையை எடுத்தார். எடுத்த கை ஓலைக்கு மேலே அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தி ஊரைப் பார்த்தார்.

"வைக்கட்டுமா?" என்று கேட்டார்.